வெள்ளவத்தைக் கடலில் எந்த மாதம் யார் குடியிருப்பது?

கேள்வி இதுதான்: "நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். பங்குனி, சித்திரையில் கடல் நல்ல நீலம். வைகாசி பிறந்தால் கலங்கிப் பச்சையும் மண்ணிறமுமாக மாறிவிடுகிறது. பிளாந்தன் கூடியதால்தான் அப்படி என்று ஒருவர் சொன்னார். உயர்தரப் புத்தகத்தில் 'ஒளி, வெப்பநிலை, போசணை ஆகியன தாவரப் பிளாந்தனைத் தீர்மானிக்கும்' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அது எப்படி நடக்கிறது? கடல் சூடேறினால் என்ன ஆகும்?"

தம்பி, புத்தகத்து வரியில் பிழை இல்லை. பிளாந்தன் என்றால் கடலில் மிதந்து திரியும் உயிர்கள்; அவற்றில் ஒளியால் உணவு செய்பவை தாவரப் பிளாந்தன்; போசணை அவற்றுக்கான உரச்சத்து. ஆனால் அது சாமான்களைச் சொல்லிவிட்டுச் சமையலைச் சொல்லாத குறிப்பு மாதிரி. ஒளி மேலேயிருந்து வருகிறது. போசணை கீழே கிடக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டுமென்றால் யாராவது தண்ணீரைக் கலக்கிவிட வேண்டும். எவ்வளவு கலக்கினார்கள், கலக்கிய பிறகு எத்தனை நாள் சும்மா விட்டார்கள் என்பதைப் பார்த்தால், அந்தத் தண்ணீரில் யார் குடியிருப்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். "பிளாந்தன் கூடியதா, குறைந்ததா" என்பதை விட "எந்தப் பிளாந்தன்" என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

நிறத்தைப் பற்றி முதலில் ஒன்று. வைகாசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிய பிறகு நீங்கள் பார்க்கும் கலங்கலில் பெரும்பங்கு மண். அலை கரையோர மணலைக் கிளறுகிறது. மழையோடு களனி ஆறு முகத்துவாரத்தில் சேற்றைக் கொண்டுவந்து தள்ளுகிறது. வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்து அழுக்கைச் சேர்க்கின்றன. பிளாந்தனும் கூடுகிறதுதான். ஆனால் ரயில் பாதைக்கு அப்பால் கல்லில் நின்றுகொண்டு நிறத்தைப் பார்த்து அதை அளக்க முடியாது. செய்மதிக்கே இந்தத் தடுமாற்றம் உண்டு. கடலின் நிறத்தை வைத்துப் பச்சையத்தைக் கணக்கிடும் கருவிகள், கரைக்குக் கிட்ட சேற்றையும் இலைதழை அழுகிய மஞ்சள் கரைசலையும் பச்சையம் என்று எண்ணி ஏமாந்துபோகும். ஆழ்கடலில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். கொழும்புக் கரையில் கவனம் தேவை.

சரி, இந்தக் குடிகள் யார்? இந்த ஊருக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1881ஆம் ஆண்டின் கடைசியில் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் கொழும்பில் வந்திறங்கினார். சூழலியலுக்கு அதன் மேற்கத்தியப் பெயரை வைத்தவர் அவர்தான். முகத்துவாரம் பக்கம் ஒரு பங்களாவில் தங்கினார். பிறகு வெலிகமவுக்குப் போய், மெல்லிய வலையைக் கடலில் இழுத்து மிதக்கும் உயிர்களைச் சேகரித்தார். அப்போது பிளாந்தன் என்ற சொல்லே கிடையாது. 1887இல் விக்டர் ஹென்சன்தான் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் மிதவையுயிரி என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பழகிய வாய் மாறவில்லை.

ஹெக்கலின் வலையில் வந்ததைத்தான் அடுத்த நூறு வருடம் எல்லோரும் கடலின் குடிகள் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான். மட்டக்குளிப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் போய், வலையிழுத்து, அயடின் கரைசலில் போட்டுக் கொண்டுவந்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே கழுத்து வலிக்க எண்ணிய வருடங்கள் எனக்கு உண்டு. வலைக் கண்ணின் அகலம் 20 மைக்ரோமீட்டர். அதைவிடச் சிறியதெல்லாம் ஓடிப்போய்விடும் என்று தெரியும். ஓடிப்போவது எவ்வளவு என்றுதான் உறைக்கவில்லை. 1988இல் சாலி சிசொம் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் உயிரைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொரு கலத்தையும் லேசர் ஒளியில் ஓடவிட்டு எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனதால் அது பிடிபட்டது. பெயர் புரோகுளோரோகொக்கஸ். அகலம் ஏறக்குறைய 0.6 மைக்ரோமீட்டர். உலகத்தில் ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் அதற்குத்தான். வெப்பக் கடலின் ஒரு மில்லிலீற்றர் தண்ணீரில், அதாவது இருபது துளியில், ஒரு லட்சம் வரை இருக்கும். இத்தனை காலமும் யாரும் அதைச் சரியாக அடையாளம் காணவில்லை.

அளவு வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கடுகு என்று வைத்தால், டயட்டம் என்ற ஒற்றைக் கலத் தாவரப் பிளாந்தனில் பெரியது ஒன்று பலாப்பழம். கடுகும் பலாவும் ஒரே தண்ணீரில் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன. யார் வெல்வார்?

சாப்பாடு அரிதாக இருந்தால் கடுகு வெல்லும். காரணம் குசினியிலேயே இருக்கிறது. அரைக் கிலோ பம்பாய் வெங்காயத்தையும் அரைக் கிலோ சின்ன வெங்காயத்தையும் உரித்துப் பாருங்கள். எதில் தோல் அதிகம், எதை உரிக்க அதிக நேரம் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார். இந்த உயிர்களுக்கு வாய் கிடையாது. தோலால்தான் சாப்பிட வேண்டும். உடல் சிறுத்தால், ஒரே எடைக்குத் தோல் பெருகும். அகலம் நூறில் ஒன்றானால், எடைக்கேற்ற தோல் நூறு மடங்கு. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் கண்ணால் காண முடியாத அளவுக்கு அருகிப்போன நீலக் கடலில் அந்தத் தோல்தான் உயிர். நீங்கள் பங்குனியில் ரசிக்கிற அந்த நல்ல நீலம் இருக்கிறதே, அது பட்டினியின் நிறம்.

அப்படியானால் பலாப்பழங்கள் எதற்கு இன்னும் இருக்கின்றன? இதைப் பலரும் யோசிப்பதில்லை. சின்னதுகளைத் தின்பவையும் சின்னவை. ஒற்றைக் கல உயிர்கள். இரையைப் போலவே அவையும் ஒரு நாள், இரண்டு நாளில் இரட்டிக்கும். ஆகவே புரோகுளோரோகொக்கஸ் கூடக் கூட, பின்னாலேயே தின்பவனும் கூடிவிடுவான். எண்ணிக்கை ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. டயட்டமின் கதை வேறு. அதைத் தின்பது கொப்பெபொட் என்ற இறால் சாதிக் குஞ்சன்கள். அவை முட்டையிட்டு, பொரித்து, வளர்ந்து வர வாரக்கணக்கு ஆகும். கீழேயிருந்து திடீரென்று போசணை வந்தால், டயட்டம் ஒரு நாளில் ஒரு தரம், சில வேளை இரண்டு தரம் பிளந்து, தின்பவன் வந்து சேர்வதற்குள் கடலைப் பச்சையாக்கிவிடும். போதாதற்கு அதன் வயிற்றில் பெரிய வெற்றிடப்பை இருக்கிறது. கிடைக்கும்போது நைட்ரேட்டை அள்ளிச் சேமித்துக்கொள்ளும்.

ஆனால் டயட்டமுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் ஓடு கண்ணாடி. மணலில் உள்ள அதே சிலிக்கா. கண்ணாடி பாரம்; நீந்தத் தெரியாது; தண்ணீர் அசையாமல் நின்றால் தாழ்ந்துவிடும். ஆகவே அதற்குக் கலங்கும் தண்ணீர் வேண்டும், அதோடு சிலிக்கேட்டும் வேண்டும். கடல் உயிர்களின் உடலில் காபன், நைதரசன், பொசுபரசு மூன்றும் ஏறக்குறைய மாறாத ஒரு விகிதத்தில் இருப்பதை அல்பிரட் ரெட்பீல்ட் என்ற விஞ்ஞானி 1934இலேயே கவனித்தார்; 106:16:1 என்ற எண் பிறகு திருத்தி வந்தது. டயட்டமுக்கு இன்னும் ஒரு பங்கு சேர்க்க வேண்டும்: நைதரசன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு சிலிக்கன். தண்ணீரில் நைட்ரேட் மிச்சம் இருந்தும் சிலிக்கேட் தீர்ந்துபோனால் டயட்டம் நின்றுவிடும், மிச்சத்தை வேறு ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆற்றில் வரும் சிலிக்கேட் மலைப்பாறை கரைந்து வருவது. நகரத்துக் கழிவில் நைதரசனும் பொசுபரசும் நிறைய; சிலிக்கன் சொற்பம். கால்வாய்த் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கடலுக்கு ஒரே சாப்பாடு அல்ல என்பதை நகரத்துக் கழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது கலக்குபவருக்கு வருவோம். இலங்கையைச் சுற்றி மேற்பரப்பு நீர் வருடம் முழுதும் 27 முதல் 30 பாகை செல்சியஸ். 200 மீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 15 பாகைதான். மேலே சூடான, பாரமில்லாத தண்ணீர். கீழே குளிர்ந்த, பாரமான தண்ணீர். நடுவில் தட்டுப் போட்ட மாதிரி ஓர் எல்லை. மேல் மாடியில் வாழ்ந்து செத்ததெல்லாம் கீழே விழுந்து, பக்டீரியாக்கள் அதைச் சிதைத்து, நைட்ரேட்டும் பொஸ்பேட்டுமாகக் கீழ் மாடியில் சேர்ந்துகிடக்கும். மாடிப்படி மட்டும் இல்லை.

வங்காள விரிகுடாவில் இந்தத் தட்டு இன்னும் தடிப்பம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி என்று பெரிய ஆறுகள் நன்னீரைக் கொட்டுகின்றன. உப்புக் குறைந்த தண்ணீர் மேலே மிதந்து மூடிபோல நிற்கும். அரபிக்கடலில் மழையும் ஆறும் குறைவு, ஆவியாவது அதிகம், அதனால் உப்பு கூடிய கடல். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். வடகீழ் பருவக்காற்று, அதாவது வாடை, வீசும் காலத்தில் வங்காள விரிகுடாவின் நீர் கிழக்குக் கரையோடு இறங்கி, தெற்கைச் சுற்றி, மேற்குக் கரைப் பக்கமும் வந்து சேர்கிறது. மார்கழி, தையில் வெள்ளவத்தையில் நீங்கள் கால் நனைக்கிற தண்ணீரில் கங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. காசிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு இதைச் சொல்லி நான் ஆறுதல்படுத்துவது வழக்கம்.

தென்மேல் காற்றுக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள் சோளகம் என்பார்கள். அது அடிக்கும்போது தெற்கே நடப்பதுதான் இந்தத் தீவின் பெரிய விருந்து. காற்று தெற்குக் கரையோடு மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் காற்றின் திசையில் நேரே போகாது. மொத்தத்தில் காற்றுக்கு வலப்பக்கமாகப் போகும். சுவீடன்காரரான எக்மன் 1905இல் இதைக் கணக்காகக் காட்டினார். கிழக்கு நோக்கி நடப்பவனுக்கு வலது பக்கம் தெற்கு. ஆக, காலியிலிருந்து அம்பாந்தோட்டை வரை கரையோர மேல்நீர் கடலுக்குள் விலகும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கீழ் மாடித் தண்ணீர் குளிராக, போசணையோடு ஏறிவரும். கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடி, அங்கே ஒடுக்கம், ஆழம் கரைக்குக் கிட்டவே இருக்கிறது. செய்மதிப் படத்தில் ஆனி, ஆடி மாதங்களில் தெற்குக் கரையோடு பச்சைப் பட்டை ஒன்று தெரியும். பிறகு அந்த நீரைத் தென்மேல் பருவ நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டுபோய் வங்காள விரிகுடாவுக்குள் வளைக்கும். அதன் இடப்பக்கத்தில், தீவுக்குக் கிழக்கே, தண்ணீர் சுழன்று நடுவில் கீழ்நீரை மேலே குமிழச் செய்யும் ஓர் இடமும் உருவாகிறது. வினயசந்திரனும் யமகாட்டாவும் 1998இல் அதை விவரித்தார்கள். இலங்கைக் குவிமாடம் என்று பெயர். மிரிஸ்ஸவுக்கு நீலத்திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்கள் கடைசியில் பார்ப்பது இந்தச் சாப்பாட்டுக் கணக்கைத்தான். மற்றப் பல இடங்களில் அவை துருவத்துக்கும் வெப்பக் கடலுக்கும் நெடும்பயணம் போகும். இங்கே வெப்பக் கடலிலேயே வருடம் முழுதும் சுற்றித் திரிகின்றன.

கொழும்புக்கு அந்த அதிர்ஷ்டம் குறைவு. நமது கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. சோளகம் கரையை நோக்கியே வந்து மோதுகிறது. ஆகவே தெற்கைப் போல ஒழுங்காக மேலேறும் நீர் இங்கே இல்லை. நமக்குக் கிடைப்பது அலையின் கிளறலும் ஆறும். வற்றுப்பெருக்கும் ஒரு மீட்டருக்குக் குறைவு, அது கலக்குவதும் சொற்பம். இருந்தாலும் அது டயட்டமுக்குப் போதும். ஆடி மாத மாதிரியில் சங்கிலி சங்கிலியாக டயட்டம்கள்தான் கண்ணை நிறைக்கும். சிலது ஊசி, சிலது முள் வைத்த பெட்டி, சிலது மணிமாலை. எண்ண எண்ண முடியாது, ஆனால் அழகுக்குக் குறைவில்லை.

ரமோன் மார்கலெஃப் என்ற ஸ்பானிய அறிஞர் 1978இல் இதையெல்லாம் ஒரு சதுரத்தில் வரைந்தார். ஒரு பக்கம் போசணை, மறுபக்கம் கலக்கம். இரண்டும் கூடின மூலையில் டயட்டம். இரண்டும் குறைந்த மூலையில் மெதுவாக வளர்ந்து சிக்கனமாக வாழ்பவை. அங்கே டைனோபிளாஜெலேட் என்ற வகை தலைதூக்கும். அதற்கு இரண்டு சாட்டை இழைகள், நீந்தும். பகலில் வெளிச்சத்துக்கு மேலே வந்து, இரவில் சில மீட்டர் இறங்கி நைட்ரேட்டை எடுத்துக்கொண்டு திரும்பும். மாடிப்படி இல்லாத வீட்டில் கயிறு கட்டி ஏறுகிறவன் அவன். பலது வேட்டையாடியும் தின்னும். அதைத் தாவரம் என்பதா விலங்கு என்பதா என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. சதுரத்தின் இன்னொரு மூலைதான் ஆபத்தானது: போசணை நிறைய, கலக்கம் இல்லை. கடலில் அது செந்நீர்ப் பெருக்கு, அதாவது பிளாந்தன் பெருகிக் கடல் செந்நிறமாவது, வரும் மூலை. கடலுக்குப் போகாமலே அதைப் பார்க்க வேண்டுமா? கொழும்பு நகரத்துக்குள் இருக்கும் பேரே வாவிக்குப் போங்கள். பல காலமாகக் கழிவு சேர்ந்த, காற்றும் ஓட்டமும் குறைந்த நன்னீர். அந்தப் பச்சைச் சாந்து மைக்ரோசிஸ்டிஸ் என்ற சயனோபக்டீரியா, அதாவது ஒளித்தொகுப்புச் செய்யும் பக்டீரியா. உடலுக்குள் காற்றுப்பை வைத்துக்கொண்டு மேலே மிதந்து, கீழே உள்ளவனுக்கு வெளிச்சமே விடாது. அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் காலிமுகத்திடல் கடல். கழிவு அங்கேயும் போகிறது, ஆனால் அலையும் ஓட்டமும் அதை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. உப்பும் மைக்ரோசிஸ்டிஸுக்கு ஒத்துவராது.

இப்போது உங்கள் பங்குனி, சித்திரைக் கடல். இரண்டு பருவக்காற்றுக்கும் இடைவெளி. காற்று இல்லை, வெயில் சுடுகிறது, மேல்நீர் வருடத்திலேயே சூடான கட்டத்தில் இருக்கிறது. தட்டு இறுகிவிட்டது, நைட்ரேட் தீர்ந்துவிட்டது. எல்லோரும் பட்டினி கிடக்க, ஒருவருக்கு மட்டும் கொண்டாட்டம்: டிரைக்கோடெஸ்மியம். காற்றிலிருந்து தண்ணீரில் கரைந்துள்ள நைதரசனையே பிடித்துத் தன் உணவாக்கத் தெரிந்த சயனோபக்டீரியா அது. கொஞ்சம் பொஸ்பேட்டும் இரும்பும் கிடைத்தால் போதும், நைட்ரேட்டுக்கு யாரிடமும் கைநீட்டாது. இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வெறும் கண்ணுக்கே தெரியும். காற்றுப்பை உள்ளதால் மேலே மிதந்து, மைல் கணக்கில் மண்ணிறப் பட்டைகளாகப் படியும். 1770இல் கப்டன் குக்கின் கப்பலில் போனவர்கள் இதற்குக் கடல் மரத்தூள் என்று பெயர் வைத்தார்கள், பொருத்தமான பெயர். ஒரு சித்திரை மாதம் கல்கிசையிலிருந்து தெரிந்த ஒருவர் பதறிப்போய் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கப்பல் எண்ணெய் விட்டுவிட்டது, கடல் நாறுகிறது என்றார். போய்ப் பார்த்தால் இதுதான். கரைக்கு ஒதுங்கி அழுகத் தொடங்கியிருந்தது. எண்ணெய் இல்லை என்றதும் அவருக்குச் சற்று ஏமாற்றம் என்றே தோன்றியது.

இரவில் அலை நீலமாக மின்னுவதைப் பற்றியும் யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அது நொக்டிலூகா. ஒற்றைக் கலம்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வரை பருத்தது. அலை தட்டினால் மின்னும். 2019 ஆவணியில் சென்னைக் கடற்கரைகளில் மின்னியதும் இந்த வகையே. வெப்பக் கடலில் உள்ள ஒரு வகைக்குள் பச்சை அல்காக்கள் குடியிருக்கின்றன. அதனால் அது வேட்டையும் ஆடும், உள்ளே தோட்டமும் வைத்திருக்கும். வட அரபிக்கடலில் குளிர்காலத்தில் முன்பு டயட்டம் பூத்த இடத்தை, 2000க்குப் பிறகு இது பிடித்துக்கொண்டது. கீழ்நீரில் ஒட்சிசன் குறைந்ததே காரணம் என்று 2014இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது, வேறு சிலர் மறுத்தார்கள், விவாதம் ஓயவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது காரணம் அல்ல, விளைவு: மீன்களில் இதைத் தின்பவை குறைவு. ஜெலிமீனும் சால்ப் என்ற வழுவழுப்பான பிராணியும்தான் விரும்பித் தின்னும். பச்சையத்தின் அளவு அதேதான், ஆனால் குடி மாறினால் சந்தை மாறிவிடும்.

ஒரு கேள்வி உங்களுக்கே வந்திருக்கும். இவ்வளவு போட்டி என்றால் கடைசியில் ஒருவர் வென்று மற்றவர்கள் ஒழிந்திருக்க வேண்டாமா? ஒரு வாளித் தண்ணீரில் எப்படி ஐம்பது, நூறு வகை? ஹட்சின்சன் என்ற சூழலியலாளர் 1961இல் இதையே ஒரு புதிராக எழுதினார். அவர் தந்த விடைகளில் எனக்குப் பிடித்தது, போட்டி முடியுமுன் ஆட்டத்தின் விதி மாறிவிடுகிறது என்பது. ஒரு வகை மற்றதை முற்றாக ஒதுக்கித்தள்ள வாரக்கணக்கில் அதே நிலைமை நீடிக்க வேண்டும். அதற்குள் காற்று திரும்பிவிடும், ஆறு பெருகிவிடும், ஒரு சுழி வந்து கீழ்நீரை இழுத்துவிடும். வருடத்துக்கு இரண்டு தரம் காற்றுத் திசையே மாறும் நம் கடலுக்கு இந்த விடை அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேலே நீலமாக இருக்கும் காலத்திலும் 50, 70 மீட்டர் கீழே ஒரு மெல்லிய பச்சை அடுக்கு இருக்கும். மேலிருந்து ஒளி கொஞ்சம், கீழிருந்து போசணை கொஞ்சம், இரண்டும் சந்திக்கிற நடுமாடி. அங்கே இருப்பவை மங்கல் ஒளிக்குப் பழகிய இனங்கள். புரோகுளோரோகொக்கஸிலேயே மேல்மாடிக்கு ஒரு சாதி, நடுமாடிக்கு ஒரு சாதி உண்டு. செய்மதிக்கு இது தெரியாது. இரும்புக் குறைவால் டயட்டம் வளராத தென் சமுத்திரக் கதை சுவையானது, ஆனால் அது நம் கரைக்குரியது அல்ல, இன்னொரு நாள்.

கடல் சூடேறினால்? வெறும் வெப்பநிலையால் பிளாந்தனின் வளர்ச்சி குறையாது. ஓர் அளவு வரை சூடு கூடினால் கலம் வேகமாகப் பிளக்கும். பிரச்சினை அந்தத் தட்டு. மேல்நீர் சூடேறச் சூடேற அதன் பாரம் குறைகிறது, தட்டு இறுகுகிறது, கலக்கக் காற்றுக்கு இன்னும் பலம் வேண்டும். போசணை மேலே வருவது குறையும். அப்போது பலாப்பழம் போய்க் கடுகு வரும். மொத்தத்தில் பச்சையம் சற்றுத்தான் குறைந்தது என்று வைத்துக்கொண்டாலும் மீனுக்கு வரும் அடி அதைவிடப் பெரிது. கணக்குப் போடுங்கள். ஒருவரை ஒருவர் தின்னும் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும் என்பது கடல்காரர்களின் பருமட்டான கணக்கு. 1000 கிலோ டயட்டமைச் சூடை மீன் நேரே தின்றால் 100 கிலோ மீன். நடுவில் கொப்பெபொட் இருந்தால் 10 கிலோ. அதே 1000 கிலோ புரோகுளோரோகொக்கஸ் என்றால், அதை ஒரு நுண்ணுயிர், அதை இன்னொன்று, அதைக் கொப்பெபொட், அதைச் சூடை: மிஞ்சுவது 100 கிராம். பேலியகொடைச் சந்தையில் தராசுக்கு வைக்கவும் காணாது. கீரி, நெத்தலி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில் அறுபது வருடங்களில் தாவரப் பிளாந்தன் 20 வீதம் வரை குறைந்திருக்கிறது என்று ரொக்ஸி மத்தியூ கொல் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் 2016இல் எழுதினார்கள். காரணமாகச் சொன்னதும் இந்தத் தட்டு இறுகுவதையே. அது அரபிக்கடல் பக்கத்துக் கணக்கு. அதை எடுத்து அப்படியே வெள்ளவத்தைக்குப் போர்த்த மாட்டேன். கரையோரத்தில் ஆறும் அலையும் கால்வாயும் வேறு ஆட்டம் ஆடுகின்றன. ஆனால் ஆழ்கடல் மீனை நம்பிப் போகும் பலநாள் வள்ளங்களுக்கு அது சொந்தக் கணக்கு.

கூடவே சமூக ஊடகங்களில் ஓடும் ஒரு வாசகத்தையும் திருத்திவிடுகிறேன்: "நாம் எடுக்கும் ஒவ்வோர் இரண்டாவது மூச்சும் கடல் தந்தது." உலகத்தின் ஒளித்தொகுப்பில் பாதி அளவு கடலில் நடப்பது உண்மை. நிலத்தாவரங்களின் எடையோடு பார்த்தால் நூறில் ஒரு பங்கும் வராத உயிர்கள் அதைச் செய்கின்றன, ஏனென்றால் அவை நாளுக்கு நாள் புதிதாகின்றன. ஆனால் அவை வெளிவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய முழுவதையும் கடலில் தின்பவையும் அழுக வைப்பவையுமே செலவழித்துவிடும். நாம் மூச்சில் எடுப்பது கோடிக்கணக்கான வருடச் சேமிப்பு. பிளாந்தன் குறைந்தால் நாளைக்கு மூச்சு முட்டாது. மீன் விலை ஏறும்.

புத்தக வரியை விட்டு நீங்களே பார்க்க விரும்பினால், அடுத்த சித்திரையில் காற்று விழுந்த ஒரு காலை நேரம் போங்கள். மண்ணிறப் பட்டை கரைக்குக் கிட்ட மிதந்தால், கையால் அளையாமல் ஒரு கண்ணாடிப் போத்தலில் முகந்துகொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். எண்ணெய் என்றால் பிசுக்காகப் பரவி மினுங்கும். நறுக்கிய வைக்கோல் மாதிரித் துணுக்குகள் என்றால் டிரைக்கோடெஸ்மியம். சந்தேகம் இருந்தால் போத்தலை ஜன்னலோரம் ஒரு நாள், இரண்டு நாள் விட்டுவையுங்கள். கலங்கள் உடைந்து சாயம் இறங்கித் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். மணக்கும், அதனால் மூடியை இறுக்கிவிடுங்கள். அம்மாவிடம் ஏச்சு வாங்கினால் நான் பொறுப்பில்லை.